தர்மபுரிக்குப் புதிதாக வந்தவர்கள் சி.எஸ்.ஐ சபையோடு ஒன்றிப்போக என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துச் சபையில் பிறந்து வளர்ந்த ஒரு சகோதரி, கணவருக்கு வேலை மாற்றலாகி தர்மபுரிக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பையன் எட்டாவது, பெண் நாலாவது. ஞாயிறு தவறாமல் சி.எஸ்.ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலுக்குப் போகிறார்கள், கணவர் மட்டும் ஷிப்ட் வேலையால் பாதி நாள் வர முடிவதில்லை, ஆராதனை முடிந்ததும் வாசலில் சபைப் போதகரான ஆயருக்கு ஒரு ஸ்தோத்திரம், அப்படியே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஊரில் இருந்தபோது பாதி வாழ்க்கை கோயிலில்தான், இங்கே விருந்தாளி மாதிரி இருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது, கமிட்டியில் யாரையாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

கமிட்டியில் யாரையும் பார்க்க வேண்டாம் சகோதரி. கமிட்டி வழியாகச் சபைக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் கமிட்டியிலேயே நின்றுவிடுகிறார்கள், சபைக்குள் வருவதில்லை. நான் இந்த மாவட்டத்துக்காரி, ஞாயிறு பள்ளியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பல வருடமாக இருப்பவள், வேலைக்காக வந்து போன குடும்பங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஒட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இரண்டு வழியில்தான் வந்தார்கள்: ஒன்று, மற்றவர்கள் வீட்டுக்குள் போனார்கள், இன்னொன்று, டவுன் கோயிலோடு நிற்காமல் கிராமத்துக் கிளைச் சபைகளுக்குப் போனார்கள். மற்ற எல்லாமே இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

முதலில், உங்களுக்கு இங்கே ஏன் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் ஆங்கிலிக்கன் வேர், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி, அதன் சி.எம்.எஸ், எஸ்.பி.ஜி மிஷன்கள் வளர்த்த சபைகள், திருநெல்வேலிக்கு 1896லிருந்தே தனிப் பேராயர், தனித் திருமண்டலம், ஜெபப் புத்தகத்தைப் பிடித்தபடி முழங்காலில் நின்று வளர்ந்த மக்கள். இந்தப் பக்கம் அப்படியில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அப்போது சேலம் ஜில்லா. அந்தச் சேலத்தில் 1827ல் ஊழியம் தொடங்கியது லண்டன் மிஷன். அவர்கள் காங்கிரிகேஷனல் வழி, பேராயர் கிடையாது, சபையார் கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள், ஜெபத்தைப் புத்தகம் பார்க்காமல் மனதிலிருந்து சொல்வார்கள். 1908ல் அந்தச் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன, அப்புறம் 1947 செப்டம்பர் 27ம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகித்தான் சி.எஸ்.ஐ வந்தது. சி.எஸ்.ஐ இன்று உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஒரு அங்கம்; ஆனால் உள்ளூர்ப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது எளிதில் மாறாது. அதனால் "எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்கிற பேச்சைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திவையுங்கள். இங்கே நடுவில் எழுந்து ஒரு பாட்டி தானாக ஜெபம் பண்ணினால் அது ஒழுங்கில்லாமை இல்லை, அவர்கள் தாத்தா காலத்து வழக்கம்.

அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பரிமாறுகிறோம் இல்லையா, 1950ல் வந்த சி.எஸ்.ஐ ஆராதனை முறையிலேயே அது இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக் கையைக் கொடுங்கள், அடுத்த வாரமும் அதே வரிசையில் போய் உட்காருங்கள். எந்தச் சபையிலும் எல்லாருக்கும் ஒரு வழக்கமான இடம் இருக்கும், உங்களுக்கும் ஒரு இடம் அமைந்துவிட்டால் வராத வாரம் யாராவது கேட்பார்கள்.

அடுத்தது சின்ன வேலை, ஆனால் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊர்ச் சபையிலிருந்து மாறுதல் கடிதம் வாங்கி இங்கே ஆயரிடம் கொடுத்துக் குடும்பப் பதிவேட்டில் பேர் சேர்த்துவிடுங்கள். யாருக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது, யார் திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்து திருவிருந்தில் சேர்வது) எடுத்தவர்கள் என்பது அதில் இருக்கும். சந்தாவை மாதாமாதம் கட்டிவிடுங்கள், வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் பணம் போய்ச் சேரும், நீங்கள் போய்ச் சேர மாட்டீர்கள். பலர் "ஊர் சபையில பேர் இருக்கட்டும், கல்யாணத்துக்கு ஓலை (சபையில் வாசிக்கிற திருமண அறிவிப்பு) வாசிக்க, கல்லறைத் தோட்டத்துக்கு வேணும்" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் புரிகிறது. ஆனால் பேர் அங்கேயும் ஆள் இங்கேயும் இருக்கிற குடும்பத்தை, எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் இங்கே எல்லாரும் மனதில் வைத்திருப்பார்கள்.

சரி, வீட்டுக்குள் போவது எப்படி? வட்டார ஜெபக் கூட்டம் என்று ஒன்று நடக்கும், தெருவாரியாகப் பிரித்து வாரம் ஒரு வீடு. ஞாயிறு அறிவிப்பில் சொல்வார்கள், நாம்தான் காதில் வாங்குவதில்லை. உங்கள் தெரு எந்த வட்டாரத்தில் வருகிறது என்று ஆயரம்மாவிடம் கேளுங்கள், அவர்களுக்கு இதெல்லாம் கையில் இருக்கும். முதல் கூட்டத்துக்கு நீங்கள் வெறும் கையோடு போய் ஒரு கீர்த்தனை பாடிவிட்டு வந்தால் போதும். மூன்று நாலு கூட்டம் கழித்து உங்கள் வீட்டிலேயே ஒரு கூட்டம் வையுங்கள். இதைச் சொன்னால் உடனே எல்லாரும் டிபன் என்ன செய்வது என்று ஆரம்பிக்கிறார்கள். தயவு செய்து டீ, பிஸ்கெட்டோடு நிறுத்துங்கள். நீங்கள் இட்லி, கேசரி, வடை என்று போட்டுவிட்டால் அடுத்த வாரம் கூட்டம் வைக்க வேண்டிய வீட்டுக்காரம்மா, தினக்கூலிக்குப் போகிறவராக இருப்பார், அவர் சத்தமில்லாமல் "எங்க வீட்ல இந்த வாரம் முடியாது" என்று சொல்லிவிடுவார். இப்படி நல்ல மனதோடு செய்த விருந்தால் ஒரு வட்டாரக் கூட்டமே நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கம் வாரத்தில் ஒரு நாள் மதியம் கூடும். வேலைக்குப் போகாதவர் என்றால் கட்டாயம் போங்கள். பாட்டு, வேதபாடம் எல்லாம் இருக்கும், அதைவிட முக்கியம் அவர்கள் போகிற சந்திப்புகள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இங்கேயே இருப்பதால், பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து நம் சபையார் யாராவது வார்டில் படுத்திருப்பார்கள், கூட இருப்பவருக்கு டவுனில் ஒருத்தரையும் தெரியாது. போகும்போது ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி அல்லது வெந்நீர், ஒரு சோப்பு, மாற்றுத் துண்டு. நோயாளிக்குக் கொடுப்பதைவிடக் கூட இருப்பவரை அரை மணி நேரம் வெளியே அனுப்பி, போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்று சொல்லி நீங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய உதவி. ஜெபம் சின்னதாக, மெதுவான குரலில். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு சமயத்தவர், அவருக்கும் வலி இருக்கிறது, அவர் கேட்காமல் அவருக்கு ஜெபம் பண்ணுகிறேன் என்று போய் நிற்க வேண்டாம். நலம் விசாரியுங்கள், ஒரு வாழைப்பழம் கொடுங்கள், போதும்.

பிள்ளைகள் விஷயம். நாலாவது படிக்கிற பெண்ணை ஞாயிறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள், அவள் ஒரு மாதத்தில் உங்களைவிட அதிகம் பேரைத் தெரிந்துவைத்திருப்பாள். உங்களுக்குப் பிள்ளைகளோடு பழக வரும் என்றால் மே மாதம் வி.பி.எஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும்போது பேர் கொடுங்கள். ஆள் எப்போதும் பற்றாது. செய்கைப் பாட்டு சொல்லித்தர, சார்ட் ஒட்ட, மோர் கலக்க, கடைசி நாள் நிகழ்ச்சிக்குத் துணி தைக்க என்று அந்தப் பத்து நாளும் வேலை தள்ளும், வெயில் வேறு. அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அவர்கள் வேறு சமயத்தவர் என்றால் அப்பா அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் சேர்க்க வேண்டும், இதில் நான் கண்டிப்பானவள். அதே மாதிரி, எந்தப் பிள்ளையோடும் ஒரே ஒரு பெரியவர் தனியாக அறையில் இருக்கக் கூடாது, ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பையன் எட்டாவது என்பதால் இனி ஒன்றிரண்டு வருடத்தில் திடப்படுத்தல் வகுப்பு வரும். ஊரில் போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைக்காமல் இங்கேயே அனுப்புங்கள். அந்த வகுப்பில் கூடப் படித்தவர்கள்தான் அவனுக்கு இந்த ஊரில் நண்பர்களாக இருக்கப்போகிறார்கள்.

குரல் இருந்தால் பாடகர் குழு. பாமாலை (நம் பாட்டுப் புத்தகம்) ராகங்கள் உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும், நாசரேத்காரர்களைக் கேட்க வேண்டுமா. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது குடும்பமாகக் கிளம்புங்கள், இரவு பனி நன்றாக இறங்கும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு எங்கே, யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் பிள்ளை பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான் என்பதெல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும்.

விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதிதாக வந்தவர்கள் அங்கேதான் ஓரமாக நிற்கிறார்கள். ஆராதனையில் எல்லாரும் தங்கள் காணிக்கையை ஆல்டர் முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளிக் கூடை, அவரைக்காய், ராகி, புளி, தேங்காய்க் குலை, பெரிய பரங்கிக்காய், காலைக் கட்டிய நாட்டுக்கோழி. ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். ஏலம் விடுகிறவர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்ப்பார், பேர் சொல்லிக் கூப்பிடுவார், "அண்ணே, போன வருஷம் நீங்க விட்டுட்டீங்க, இந்த வருஷம் விடக்கூடாது" என்பார். ஒரு பாட்டி கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டையை ஒருத்தர் ஐம்பது ரூபாய்க்கு எடுப்பார், எடுத்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார், மறுபடி ஏலம், இன்னொருத்தர் நூறு என்பார், அவரும் திருப்பிக் கொடுப்பார். அந்த ஒரு முட்டை பந்தல் முழுக்கச் சுற்றி வந்து கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாட்டி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்களும் ஒரு தடவை கையைத் தூக்குங்கள், பெரிய தொகை வேண்டாம், இருபது ரூபாய் ஏற்றினாலும் உங்கள் பேரைக் கேட்பார்கள், மைக்கில் சொல்வார்கள், அன்றிலிருந்து பேர் தெரிந்துவிடும். அப்புறம் மதியம் அன்பின் விருந்து நடக்கும்போது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாமல் உங்கள் கணவரைப் பந்தி பரிமாறச் சொல்லுங்கள். சாம்பார் வாளியைத் தூக்கிய ஆளை அதற்கப்புறம் யாரும் புது ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு சேகரம், அதாவது ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள், என்றால் டவுன் கோயில் மட்டும் கிடையாது. சுற்றியுள்ள கிராமங்களில் கிளைச் சபைகள் இருக்கும், ஆயர் ஒருவர், எல்லா ஞாயிறும் எல்லா இடத்துக்கும் அவரால் போக முடியாது. உபதேசியாரோ (கிராமச் சபை ஊழியர்) சபையாரில் ஒருவரோ ஆராதனை நடத்துவார்கள், திருவிருந்துக்கு ஆயர் முறை வைத்துப் போவார். அங்கே ஆராதனை பல இடங்களில் மாலையில்தான், காட்டு வேலைக்கும் கல் குவாரிக்கும் போனவர்கள் வந்து குளித்த பிறகு. தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம், பாய் விரித்திருப்பார்கள், பாதிப் பேர் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிறவர்களாகவும் இருக்கலாம், பாட்டு மட்டும் எல்லாரும் தமிழில் சத்தமாகப் பாடுவார்கள். வாலிபர்கள் பெங்களூரில் கட்டட வேலை, கம்பெனி வேலை என்று போய்விட்டார்கள், கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் முகம் பார்க்கலாம். மீதியிருப்பது வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும். உங்களைப் போல எழுதப் படிக்கத் தெரிந்த, பாடத் தெரிந்த, ஒரு மாலையை ஒதுக்க முடிந்த ஒரு குடும்பம் மாதம் ஒரு தடவை அங்கே போய்வந்தால் அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று போனால்தான் தெரியும். ஆயரிடம் "ஐயா, அடுத்த தடவை நீங்க கிராமத்துக்குப் போகும்போது நாங்களும் வரட்டுமா" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எந்த ஆயரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், பலர் வருடக்கணக்கில் யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறார்கள்.

போனால் பிரசங்கம் பண்ண வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு கதை, ஒரு பாட்டு. ஆராதனை முடிந்ததும் நோட்டை எடுத்து வரச் சொல்லி அரை மணி நேரம் கணக்கு. அப்புறம் பெரியவர்கள் ஒவ்வொருவராக ஏதாவது ஒரு தாளை எடுத்துக்கொண்டு வருவார்கள், படித்துக் காட்டச் சொல்லி. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், முதியோர் பென்ஷன். 1950ம் வருட ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது, தமிழ்நாட்டில் அப்படி மதம் மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இதனால் சான்றிதழில் ஒன்று, கும்பிடுவது ஒன்று என்று அந்தக் குடும்பங்கள் படுகிற பாட்டை ஞாயிறு காலை டவுன் கோயிலில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளவே முடியாது. நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. யார் எந்தப் பேரில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று விசாரிக்காமல், கேட்ட தாளை நிரப்பிக் கொடுங்கள், எந்த ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். காதில் விழுந்ததை டவுனில் போய்ப் பேசாதீர்கள்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இங்கே ஒரு தனி வட்டமாகச் சேர்ந்துகொள்வது உண்டு. "எந்த ஊர்", "யாரு மக்கள்" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அது சாதியில் போய் நிற்கும். உங்களையும் அன்பாகக் கூப்பிடுவார்கள், கருவாட்டுக் குழம்பும் ஊர்ப் பேச்சுமாக நன்றாகத்தான் இருக்கும். போங்கள், ஊர்க்காரர்களைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றால் தர்மபுரியில் பத்து வருடம் இருந்தாலும் தர்மபுரிச் சபை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும், இங்கேயே பிறந்து தலைமுறையாகக் கோயிலைக் கூட்டிப் பெருக்கி வந்த குடும்பங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, வந்தவர்கள் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்துகிற நிலை வந்துவிடும். நடந்திருக்கிறது. யாராவது இன்னொரு குடும்பத்தைப் பற்றி "அவங்க வேற" என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள், ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்களுக்குள் இந்தப் பேச்சு இருக்கவே கூடாது.

கமிட்டியைப் பற்றி இரண்டே வரி. தேர்தல் வரும்போது உங்கள் வீட்டுக்கும் ஆள் வரும், படித்தவர்கள், வெளியூர்க்காரர்கள், எந்தப் பக்கமும் சேராதவர்கள் என்று சொல்லியே நிற்கச் சொல்வார்கள். முதல் தேர்தலில் நிற்காதீர்கள், ஓட்டு மட்டும் போடுங்கள், யாருக்கு என்று சொல்லாதீர்கள்.

உங்களுக்கு நேரம் இருந்தால் நம் சபையைத் தாண்டியும் கொஞ்சம் பாருங்கள். கிருஷ்ணகிரியில் லுத்தரன் சபை மிகப் பழையது, அமெரிக்க லுத்தரன் மிஷனான மிசூரி மிஷனைச் சேர்ந்த தியோடர் நேதர் 1895ல் அங்கேதான் வந்து தொடங்கினார், பிளேக்கில் அங்கேயே இறந்தும் போனார். கத்தோலிக்கருக்கு 1997லிருந்து தர்மபுரி தனி மறைமாவட்டம். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள், பெண்கள் நடத்துவது, எல்லாச் சபைப் பெண்களும் சேர்ந்து கூடுவார்கள், அதற்குப் போனால் இந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண்களில் பாதிப் பேரை ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கும் போய்வாருங்கள். சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் 1921ல் சேர்ந்து தொடங்கியது, ஜெபாலயத்தைத் தமிழ்க் கோயில் போலக் கட்டியிருக்கிறார்கள். பக்கம்தான்.

உங்கள் கணவருக்கு ஷிப்ட் வேலை, ஞாயிறு பாதி நாள் வர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வாரநாள் வேலை நிறைய இருக்கிறது: மைக் செட் ரிப்பேர், கோயில் கணக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, சனிக்கிழமை கோயில் கழுவும்போது தண்ணீர் எடுத்துக் கொடுப்பது. சனிக்கிழமை கழுவுகிற குழுவில் வயதானவர்கள்தான் இருப்பார்கள், அவரைப் பார்த்ததும் பெஞ்சுகளை நகர்த்தச் சொல்வார்கள். நீங்கள் இந்த ஞாயிறு முடிந்ததும் உடனே கிளம்பாமல் ஆயரம்மாவிடம் வட்டாரக் கூட்டம் எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாறுதல் கடிதத்துக்கு ஊர்ச் சபை ஆயருக்கு இன்றைக்கே போன் பண்ணிவிடுங்கள், அது வந்து சேரக் கொஞ்ச நாள் எடுக்கும்.